ஷெரோனின் அப்பா அம்மாவுக்கு வணக்கம்

"ஹலோ… ஹலோ, அருமைநாதன் அண்ணையோ?… வணக்கம் அண்ணை, நான் நிரோஜா… இல்லையில்லை, மெஷின் இல்லை… மெய்யாத்தான், ஆள்தான் கதைக்கிறன். பள்ளிச் சபை நிரோஜா… ஓம்… ஓம் ஓம், வெள்ளிக்கிழமையிலை வாற அதே குரல்தான்… சொல்லுங்கோ, இண்டைக்கு நீங்கள் கதைச்சால் எனக்கும் கேக்கும்…"

நிரோஜா தியாகலிங்கம் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு தன் அலுவலக ஜன்னலோரம் நின்றாள். மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில் முப்பத்தெட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அவள்தான் தலைமை. தலைமை என்றால் எந்நேரமும் சுற்றிவர ஆட்கள் நிற்பார்கள் என்று நினைக்கிறவர்கள், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இங்கே வந்து பார்க்க வேண்டும். மூன்று மாடிக் கட்டடத்தில் அவள் ஒருத்தி. கீழே பனி கொட்டிக் கிடந்த வளவில் அவளுடைய கார் ஒன்று.

"மேடம் எண்டு சொல்லாதேங்கோ அண்ணை… நிரோஜா எண்டே சொல்லுங்கோ… சாப்பாடோ? இல்லை, இனித்தான். பாணும் சம்பலும் கொண்டந்தனான்…"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"'இண்டைக்காவது சாப்பிடுங்கோ' எண்டு ஏன் அண்ணை சொல்லுறியள்?… நேற்று நான் சாப்பிடேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடி…"

கேட்க வந்த விசயம் கேட்காமலே வெளியில் வந்துவிட்டது. அவள் கதிரையைத் தேடி இருந்தாள்.

வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் நாலு மணிக்கு அவள் சபைக்கும் பெற்றோருக்கும் அந்த வாரத்துச் செய்தியைச் சொல்வாள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதமாகப் போகும். தமிழில் மட்டும் தொலைபேசியில், அவளுடைய குரலிலேயே போகும். அப்படிச் செய்யும்படி யாரும் கேட்கவில்லை. அவளாகத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்ட வேலை. முதல் வருடம் கணினிக் குரல் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களைக் கடித்துத் துப்பியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் தானே வாசித்துப் பதிந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் செய்தி அவள் குரலில், அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரோடுதான் தொடங்கும். இன்னாரின் அப்பா அம்மாவுக்கு வணக்கம். அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

நேற்று அவள் செய்தியைச் சொல்லி முடித்து, பதிவை நிறுத்துகிற ஹாஷ் பொத்தானை அமத்த மறந்துபோனாள். தொலைபேசியை வைக்கவும் இல்லை. மேசையில் படுக்கப் போட்டுவிட்டாள். பிறகு தன்பாட்டுக்குக் கதைத்தாள். அந்தக் கட்டடத்தில் தமிழ் அவளுக்குப் பூட்டுப் போட்ட அறை. கூட்டங்கள் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்கு மேலே உள்ள சபைத் தலைவர் முதல் தன்னையும் சேர்த்து எல்லாரையும் தமிழில் ஏசித் தீர்ப்பாள். பக்கத்து அறைக்காரர்கள் அவள் ஏதோ பிரார்த்தனை செய்வதாக நினைத்தார்கள். நேற்றைய பிரார்த்தனையை மெஷின் ஒன்றும் விடாமல் பிடித்து, நேரம் வந்ததும் தானாகவே இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

"அண்ணை… நேற்றையானை எவ்வளவு தூரம் கேட்டனீங்கள்?… முழுக்க… ஓம், தெரியும், மூண்டு தரம். இஞ்சை காட்டுது… இல்லையில்லை, உளவு பாக்கேல்லை. ஆர் எவ்வளவு நேரம் கேட்டவை எண்டு ஒரு லிஸ்ட் வரும்… ஓம்… அண்ணை, அதிலை கடைசியிலை நான் சொன்னது… ஓம்… ஓம், அழுததும்தான்…"

காலையில் அவள் அந்த லிஸ்ட்டைத் திறந்தாள். ஒன்பது செக்கன், எட்டுச் செக்கன், ஒன்பது செக்கன். கிட்டத்தட்ட எல்லாரும் வணக்கத்தைக் கேட்டு, மூச்சு விட்டு, வைத்திருந்தார்கள். ஒரு நிமிசத்தைத் தாண்டியவர்கள் இல்லை. தப்பினேன் என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த கணம், அப்படியென்றால் மூன்று வருடமாக நான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டு, வந்த உயிர் சுருங்கிப் போனது. பிறகுதான் அந்த ஒற்றை எண் கண்ணில் பட்டது. ஆறு நிமிசம் நாற்பது செக்கன், மூன்று தரம். அந்த வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில், அவசரத்துக்கென்று கொடுத்திருந்த கைபேசி எண்ணும் இருந்தது. அதற்குத்தான் இப்போது எடுத்திருந்தாள்.

"நான் சுத்தி வளைக்கேல்லை அண்ணை. சிவத்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதை ஆருக்கும் சொல்லிப்போட்டியளோ?… ஒருத்தருக்கும்?… கோயிலிலை, கடையிலை… ஓ… நல்லது. பெரிய உபகாரம் அண்ணை… என்ன?… ஆருக்குச் சொல்லுறதெண்டோ… ஓம்… சரி…"

சிவத்தப் பள்ளிக்கூடம் என்பது தமிழ்ச் சனம் வைத்த பெயர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், சிவப்புச் செங்கல் கட்டடம். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் படிப்பது அங்கேதான். அதை மூடுவதா இல்லையா என்று கேட்கச் செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம். 'இன்னும் ஒரு முடிவும் எடுக்கவில்லை, வந்து மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்' என்று நேற்று அவள் செய்தியில் சொன்னாள். சபைத் தலைவர் எழுதித் தந்த வசனம் அது. சொல்லி முடித்த பிறகு, பூட்டிய அறைக்குள், உண்மையையும் சொன்னாள். முடிவெடுத்து இரண்டு கிழமை. யூன் மாதத்தோடு மூடுகிறார்கள். கூட்டம் வெறும் கண்துடைப்பு.

அது வெளியில் வந்தால் அவளுடைய பதவி போய்விடும். அதைவிட, தன் சனத்துக்குத் தன் மொழியிலேயே பொய் சொன்னவள் என்ற பெயர் நிற்கும். பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்களாம் என்ற கதை கிளம்பியதிலிருந்தே முருகன் கோயிலில் அவளோடு கதைப்பவர்கள் குறைந்துபோனார்கள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிற வீட்டிலும் கதைக்க ஆளில்லை. போன மாதம் கராஜ் கதவு திருத்த வந்தவனுக்கு இரண்டு தரம் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"அப்ப ஒரு சின்ன உதவி… அதை அழிச்சு விடுங்கோ அண்ணை. வீட்டு ஃபோனிலை ஏழாம் இலக்கத்தை அமத்தினால்… ஏன்?… ஏன் ஏலாது?… இல்லை, வாற கிழமை புதுசு வரும்தானே, எல்லாத்திலையும் அதே வணக்கம்தான்…"

அவள் லிஸ்ட்டை மீண்டும் பார்த்தாள். ஷெரோன் அருமைநாதன். பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் இரண்டரை வருடம்.

"அண்ணை, உங்கடை மகள் இப்ப எங்கடை பள்ளிக்கூடத்திலை இல்லையெல்லோ?… ரொறன்ரோவிலை… தாயோடை… ஓ… அப்பவே நாங்கள் பெயரை எடுத்திருக்கவேணும், எங்கடை பிழை. உங்களுக்குச் சும்மா கரைச்சல்… இல்லையோ?… ஓம்… ஓம், 'ஷெரோனின் அப்பா அம்மாவுக்கு வணக்கம்' எண்டுதான் தொடங்கும்… ஓம், அப்பா அம்மாவுக்கு… விளங்குது… விளங்குது அண்ணை… மூண்டு பேரையும் சேத்து… வேறை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லையோ…"

நிரோஜாவுக்கு இப்போதுதான் விளங்கியது. தன் செய்தியில் அந்த மனுசன் கேட்க வந்தது அந்த மூன்று செக்கனை மட்டும்தான். மிச்சம் ஆறரை நிமிசத்தை மரியாதைக்காகக் கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்த ஆளை இடையில் எழுப்பி அனுப்பாத மாதிரி.

"எடுக்கேல்லை அண்ணை. உங்கடை பெயரை நான் எடுக்கமாட்டன்… சத்தியமா… நீங்கள் நேற்றையானை அழியுங்கோ, நான் இதை வைச்சிருக்கிறன், சரியோ?"

சொன்ன வாய் மூடவில்லை, அவளுக்கே அது கொச்சையாகப் பட்டது. மனுசனுடைய மகளின் பெயரைக் காட்டி அவன் வாயை அடைக்கிறாள். முப்பத்தெட்டுப் பள்ளிக்கூடத் தலைமைக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான் போலிருக்கிறது.

"என்ன அண்ணை?… மட்டையோ? என்ன மட்டை?… போஸ்டர் எழுதுற பிறிஸ்டல் மட்டை… நீங்கள் எந்தக் கடையிலை வேலை?… அந்த டெப்பனேர் மூலைக்கடையோ, பள்ளிக்கூடத்துக்கு முன்னாலை… ஓ… முடிஞ்சு போச்சோ? அவ்வளவும்?… பிள்ளையளே வந்து வாங்கினவை… செவ்வாய்க்கிழமைக்கு… ஓம்… என்ன எழுதியிருக்குதுகள்?…"

அவள் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

"ஓம், கேக்கிறன், சொல்லுங்கோ… 'எங்கடை மிஸ் தமிழ், அவ விடமாட்டா' எண்டோ… பிரெஞ்சிலையோ?… என்னைத்தான் சொல்லுதுகள்… ஓம்… ஓம்… நீங்கள் என்ன சொன்னனீங்கள்?… ஒண்டும் சொல்லேல்லை. சும்மா சுருட்டிக் குடுத்தனீங்கள்…"

வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று பின்னுக்குப் போய்ப் போய் முனகியது.

"இண்டைக்குக் காலமை குடுக்கேக்கை பிள்ளையின்ரை முகத்தைப் பாக்க ஏலாமப் போச்சோ… என்னாலைதான் அண்ணை. நான் சொன்ன பொய்யை நீங்கள் காவுறியள்… இல்லை, அது சரியில்லை. அப்பிடி விட ஏலாது… அண்ணை, வைச்சிடாதேங்கோ. ஒரு நிமிசம். நான் மேசை ஃபோனிலை இப்பவே புதுசொண்டு பதியப் போறன்… ஓம், உண்மையைத்தான்… தெரிஞ்சால் சனம் கேள்வி கேக்கும், கூட்டத்திலை நிண்டு சண்டை பிடிக்கும். இன்னும் நாலு மாசம் கிடக்குத்தானே… எனக்கோ? என்னை வீட்டை அனுப்புவினம், வேறை என்ன…"

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது.

"அண்ணை… அப்ப இந்த வெள்ளிக்கிழமைச் செய்தியும் நிண்டிடும். என்ரை குரல் இனி வராது. உங்கடை வணக்கமும் போகும். மாட்டன் எண்டு இப்பத்தான் சத்தியம் பண்ணினனான்… யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் வேண்டாமெண்டால்…"

அவள் காத்திருந்தாள். தன் வேலையை ஒரு கடைக்காரரின் வாயில் வைத்துவிட்டுக் காத்திருப்பது விசர்த்தனம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இந்த இரண்டு கிழமையில் அவள் யாரையாவது கேட்டது இதுதான் முதல் தடவை.

"…சொல்லுங்கோ எண்டோ?… நிச்சயமாவோ?… சரி… சரி அண்ணை. அப்ப லைனிலை நில்லுங்கோ. நீங்கள் கதைக்கத் தேவையில்லை, கேட்டுக்கொண்டு நிண்டால் போதும். தனியச் சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு."

கைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்து, மேசைத் தொலைபேசியை எடுத்தாள். ஒன்பது செக்கன்தான் சனம் தரும். அதில் வணக்கத்துக்கு மூன்று போக மிச்சம் ஆறு. நாற்பது பக்க அறிக்கைகள் எழுதிப் பழகிய கைக்கு ஆறு செக்கன் அளவில் ஒரு செய்தி எழுதத் தெரியவில்லை. எழுதாமலே சொன்னாள்.

"சிவத்தப் பள்ளிக்கூடத்தை மூட முடிவெடுத்தாச்சு. நேற்று நான் சொன்னது பொய். செவ்வாய்க்கிழமை எல்லாரும் வாங்கோ."

ஹாஷ் பொத்தானை அமத்தினாள். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் அமத்தினாள். 'உடனே அனுப்பு' என்பதற்கு ஒன்று. அமத்தினாள்.

"அண்ணை? நிக்கிறியளோ?… கேட்டதோ?… ஓம், இந்த முறை அமத்திப்போட்டன்…" அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "இல்லை, அழேல்லை… ஓம், சாப்பிடுறன், சாப்பிடுறன். பெட்டியைத் திறந்திட்டன் பாருங்கோ… அண்ணை, உங்களுக்குத் திரும்ப வேலைக்கு எப்ப போகவேணும்?… மூண்டுக்கோ. அப்ப நேரம் கிடக்கு. நான் சாப்பிட்டு முடியுமட்டும் கொஞ்சம் கதைச்சுக்கொண்டிருங்கோவன்… என்னெண்டாலும் பரவாயில்லை… மகளைப் பற்றிச் சொல்லுங்கோ. ஷெரோனுக்கு இப்ப என்ன வயசு?… பதினாலோ! அட… எடுத்துக் கதைக்கிறவவோ?… ஓ… கிறிஸ்மசுக்கு… ஓம்… இங்கிலிசிலை… ஓம், இஞ்சை எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான், அதை நீங்கள் மனசிலை…"

மறுபக்கத்தில் எங்கோ ஒரு மணி அடித்தது. பழைய வீட்டுத் தொலைபேசியின் மணி.

"அது என்ன சத்தம்?… வீட்டு ஃபோனோ… அது நான்தான் அண்ணை. இப்பப் பதிஞ்சது, அனுப்பத் தொடங்கியிட்டுது… இல்லை, வேறை ஒண்டும் இல்லை அதிலை, நீங்கள் இப்பக் கேட்டதுதான்… ஓம்?… ஓம், தொடக்கத்திலை பெயர் வரும்… வரும், அது தன்பாட்டிலை சேரும்…"

இரண்டாவது மணி.

"ஓம்… ஓம், இதுதான் கடைசியா இருக்கும்… இல்லை, எனக்கு ஒண்டுமில்லை. எடுங்கோ. நாலு தரம்தான் அடிக்கும், ஓடிப்போய் எடுங்கோ அண்ணை. இதைக் கட் பண்ணாதேங்கோ, சும்மா பக்கத்திலை வையுங்கோ, நான் இஞ்சை நிக்கிற—"

தொடர்பு அறுந்தது. அங்கே இப்போது அவளுடைய குரல் ஷெரோனின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். நிரோஜா கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் ஒன்பது வரை எண்ணினாள். பிறகு பாணைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.