துணி, மேசை, பீரோ

இல்ல தம்பி, அங்க வைக்காதீங்க, என் மேசை விரிப்பு மேல வேணாம். டீ க்ளாஸ என் கையில குடுங்க. கறை பட்டா போகாது, முரட்டுக் கம்பளி. ஆங், இப்படி உக்காருங்க. அகராதி ஆசிரியர் அச்சகத்துலேர்ந்து வர்ற நேரந்தான். வந்ததும் உங்க வீட்டம்மாவோட ராஜினாமா லெட்டர நீங்களே அவர் கையில குடுத்துடலாம். எதிர்ல இருக்கே, அதுதான் அவ மேசை. சாமானெல்லாம் நானே அட்டைப்பெட்டியில எடுத்து வச்சுட்டேன். பேனா, கண்ணாடிக் கூடு, கால் வலிக்குப் போடுற செருப்பு, எல்லாம் இருக்கு.

எட்டு நாளா என்ன பண்றா? சாப்பிடுறாளா? ம். பேசவே மாட்டேங்கிறாளா. ம்.

என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்டகூட சொல்லலையா? ஒண்ணுமே? சரியாப் போச்சு, அப்ப நாந்தான் சொல்லணும். வீட்டுல துணி வைக்கிற பீரோ இருக்குல்ல, அந்த வார்த்தைதான் எல்லாத்துக்கும் காரணம். சிரிக்காதீங்க. அது பிரெஞ்சுக்காரன் வார்த்தை. நாங்க போடுறது பிரெஞ்சு–தமிழ் அகராதிதானே, அது என் பங்குல வந்துச்சு. பதினோரு நாள் உக்காந்து எழுதினேன். எழுதுற மேசைன்னு ஒரு அர்த்தம். அப்புறம் அந்த மேசை போட்ட அறை. அப்புறம் அந்த அறையில நடக்கிற ஆபீஸு. இழுப்பறை வச்ச மேசையிலேர்ந்து அலமாரிக்குத் தாவி நம்ம வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சுன்னு ஒரு குறிப்பு வேற. அழகா இருந்துச்சு தம்பி. நானே ரெண்டு தரம் படிச்சுப் பாத்துக்கிட்டேன்.

அப்பதான் உங்க வீட்டம்மா வந்து நிக்கிறா. அக்கா, மேசைங்கிற அர்த்தத்துக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்குக்கான்னு. முன்னாடி அது வெறும் துணியாம். பழைய பிரெஞ்சுல முரட்டுக் கம்பளிக்கு பியூரெல்னு பேராம். அந்தத் துணிய மேசை மேல விரிச்சாங்களாம், துணியோட பேரு மேசைக்கும் ஒட்டிக்கிச்சாம். பழைய தாள் சேக்குற ஒருத்தர் வீட்டுக்கு மூணு தரம் நடந்து, ஏதோ ஒரு பழைய பிரெஞ்சு சொத்துப் பட்டியல்ல அந்த வரியக் கண்டுபிடிச்சு, ஒரு சீட்டுல கையால எழுதிட்டு வந்திருக்கா. எங்கிட்டதான் மொதல்ல காட்டினா.

அவ எழுதினத ஆசிரியர் எந்திரிச்சு நின்னு சத்தமாப் படிச்சாரு. இருபத்திரண்டு வருஷத்துல என் எழுத்த அவர் உக்காந்துகூட சத்தமாப் படிச்சதில்ல. அவ வந்து நாலு வருஷம். என்னோட பதினோரு நாளையும் அவ தாளுக்குப் பின்னாடி வச்சு ஒரு குண்டூசி குத்தினாரு, அவ்வளவுதான். வயிறு எரிஞ்சுச்சு தம்பி. பேச்சுக்குச் சொல்லல, மத்தியானம் சோறு எறங்கல. அவ என்னடான்னா, அக்காதான் பாதி வேலைய முடிச்சு வச்சிருந்தாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியிறா. அது இன்னும் மோசம். கொஞ்சம் திமிர் இருந்திருந்தா நிம்மதியா வெறுத்திருப்பேன்.

இங்க ஒரு சட்டம் உண்டு. எந்த அர்த்தமானாலும் எங்க பாத்தோம், எந்தப் பக்கம், எந்த வரின்னு ஒரு சீட்டு இருக்கணும். சீட்டு இல்லையா, அர்த்தத்த அடிச்சிடுவோம். கடைசி சரிபார்ப்புல ஆசிரியர் அவ சீட்டக் கேட்டாரு. சீட்டுப் பெட்டியத் தொறந்தா, காணோம். திரும்பப் போய்ப் பாக்கலாம்னா, அந்தப் பட்டியலையும் அதுக்குள்ள யாருக்கோ வித்தாச்சு. கற்பனையா எழுதினியாம்மான்னு கேட்டுட்டாரு, அத்தனை பேரு முன்னாடி. அவ எம்பக்கம் திரும்பினா. அக்கா, நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்கக்கான்னா.

நான் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டிருந்தேன்.

பேனாவ மூடி வச்சுட்டுப் போனவதான்.

இன்னிக்கு நாலு மணிக்கு அந்தப் பக்கம் அச்சுக்குப் போகுது. துணி கிடையாது, பூரா என்னோடது. ஆசைப்பட்டது கிடைச்சிடுச்சுல்ல? எட்டு நாளா இந்த மேசையில உக்காந்து ஒரே ஒரு சீட்டுதான் எழுதியிருக்கேன்.

படியில ஷூ சத்தம் கேக்குதா? அவருதான். லெட்டரப் பைக்குள்ள வைங்க. வைங்கன்னா வைங்க. இந்த விரிப்போட ஓரத்தக் கொஞ்சம் தூக்குங்க. அங்க இல்ல, இடது மூலை. நீங்களே எடுங்க. இருக்கா? அவ கையெழுத்துதானே? ஒரு நாள் தேடித் தவிக்கட்டும்னுதான் எடுத்தேன். அத அவர்கிட்டக் குடுங்க, நானும் கூட வர்றேன். யாரு எடுத்ததுன்னு கேப்பாரு. வாயால சொன்னா அந்த மனுஷன் ஒத்துக்கமாட்டாரு, இருபத்திரண்டு வருஷமாப் பாக்குறேன். அதனால அதுக்கு அடியிலயே இன்னொரு சீட்டும் வச்சிருக்கேன், பாருங்க. என்ன தேதி, எத்தன மணி, எந்தப் பெட்டி, யாரு கை. எல்லாம் முறைப்படி எழுதியிருக்கேன்.