பெரியம்மாள் சுற்றிய ட்யூப்

— ஒரே ஒரு வார்த்தைதாங்க நஞ்சப்பண்ணா. ட்யூப்பு அப்பறமா சுத்துனதுன்னு கோர்ட்டுக்குச் சொன்னா போதும்.

— எதுக்கு அப்பறம், பாஷா?

— என் மெஷின வேற யாரும் செய்யக்கூடாதுன்னு பேடண்ட்டுக்கு எழுதிப் போட்டேனே, எண்பத்திரண்டு சித்திரையில. அதுக்கு அப்பறம்.

— செரி.

— ஆபீசுல தள்ளிட்டாங்க. மெட்ராஸ் ஐகோர்ட்டுல அப்பீலு திங்கக்கெழம வருதுங்க. புளியங்கொட்ட தட்டற மெஷினு முன்னாடியே இருக்குது, இது புதுசில்லங்கறான் கம்பெனிக்காரன். ரோலருல ரப்பர் இருக்கறதுதான் என் மெஷினுல வித்தியாசம். அதுவும் ஒங்க வூட்டு மெஷினுல முன்னாடியே இருந்துதுன்னா, நான் என்னத்தக் கண்டுபுடிச்சேன்?

— ஏம்ப்பா, அதையும் நீதானே குடுத்த.

— நாந்தாங்க. மொத ஓட்டம் ஒங்க வூட்டுப் புளியிலதான் ஓடணும்னு கொண்டாந்து எறக்குனேன். எழுதிப் போடறதுக்கு முன்னாடி யாருக்கும் காட்டக்கூடாதுன்னு எனக்கென்ன தெரியும்? அண்ணி தெருவுக்கே கூப்புட்டுத் தட்டிக் குடுத்தாங்க.

— கொட்ட நொறுங்கிப் புளியில சேந்துக்குதுன்னு மூணு நாளு மொனகிக்கிட்டே இருந்தா. நாலாம் நாளு என் சைக்கிள் ட்யூப்ப அறுத்துச் சுத்திட்டா. நான் நல்லம்பள்ளிக்கு நடந்து போனேன்.

— அதப் பாத்துத்தான் எழுதிப் போட்டேன். அண்ணிகிட்டச் சொன்னேன். சிரிச்சாங்க.

— சிரிச்சிருப்பா.

— இந்த கேசு போச்சுன்னா அவன் இதே மெஷின ஊரு ஊருக்குச் செஞ்சு வித்துருவான். பாலக்கோட்டுப் பட்டறைய மூடிட்டு அவங்கிட்டயே வேலைக்குப் போவணும். பயமா இருக்குதுங்கண்ணா.

— செரிப்பா. கம்பெனிக்காரன் கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்த காயிதத்தப் படி.

— அது எதுக்குங்க?

— படி.

— "நஞ்சப்பன் மனைவி பெரியம்மாள், அன்வர் பாஷா விண்ணப்பிப்பதற்கு முன்பே, 1982 மாசி மாதத்தில், உருளைகளில் சைக்கிள் ட்யூப்பைத் தானே சுற்றி, தெருவார் முன்னிலையில் இயக்கியுள்ளார்."

— இன்னொருக்கா.

— அண்ணா...

— பேரு வர்ற எடம் மட்டும்.

— "நஞ்சப்பன் மனைவி பெரியம்மாள்."

— அவ செத்த மாசமே ரேஷன் கார்டுல பேர அடிச்சுட்டாங்க. ஓட்டு லிஸ்ட்டுலயும் இல்ல. நெலம் என் பேருல. அவ ஒண்ணு செஞ்சான்னு எழுதி வெச்சிருக்கற காயிதம் இது ஒண்ணுதான், பாஷா. இதப் போயி பொய்யின்னு சொல்லச் சொல்றியா?