கப்பலுக்குப் பின்னாலை சுறா

அட்சயா: ஆட்டாதேங்கோ சித்தப்பா... மட்டையை இறுக்கிப் பிடியுங்கோ. படத்திலை இன்னும் ஆக்களைக் கீற இருக்கு.

கிருபன்: இன்னுமோ? எங்கடை சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டட எலிவேற்றர் மாதிரி நெருக்கமாயெல்லே கிடக்கு. ஏன் எல்லாரும் படுத்திருக்கினம்... நித்திரையோ?

அட்சயா: இல்லை, அடிமைக் கப்பல். பள்ளிக்கூட புரொஜெக்ட். ஆபிரிக்காவிலை ஆக்களைப் பிடிச்சு, சங்கிலி போட்டு, அடித்தட்டிலை இப்பிடித்தான் அடுக்கினவங்கள். நிமிர்ந்து இருக்கவும் உயரம் காணாது. வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறதும் அதுக்குள்ளைதான்...

பாலேஸ்வரி: சாப்பிடுற நேரத்திலை உந்தக் கதையே? தம்பி, சாப்பாட்டுக் கோப்பையை எடும். மீன் குழம்பும் பருப்பும் இருக்கு.

கிருபன்: எனக்குப் பருப்பு மட்டும் காணும் அண்ணி.

அட்சயா: அம்மா, சித்தப்பா ஐயரெல்லே, மறந்திட்டியளோ?

கிருபன்: ஓம்... வாற கிழமை பூணூல் போடுறன்.

அட்சயா: இதைக் கேளுங்கோ. ஒராள் செத்தா, பக்கத்திலை இருக்கிறவர் விடியுமட்டும் அந்தப் பிணத்தோடைதான் கிடக்கோணும். பிறகு கடலிலை எறிவாங்கள். காய்ச்சல் வந்த வருத்தக்காரரை உயிரோடையும் எறிஞ்சவங்களாம்.

கிருபன்: உயிரோடையோ?

அட்சயா: ஓம். அதாலை கப்பலுக்குப் பின்னாலை சுறா வருமாம். அதை எங்கை கீறுறது... ஏன் சித்தப்பா மட்டையைத் திருப்புறியள்?

கிருபன்: சுறாவைக் கீறாதை குஞ்சு.

அட்சயா: அப்பா பிடிபட்டு மறியலிலை அடைபட்டிருக்கிற செனகலிலை இருந்தும் உந்தக் கப்பல் வெளிக்கிட்டதாம். அதையும் எழுதட்டோ?

பாலேஸ்வரி: அறைக்குள்ளை போய்க் கீறு.

அட்சயா: ஆனா அம்மா...

பாலேஸ்வரி: போ எண்டுறன். கதவைச் சாத்து.

கிருபன்: ஏன் அண்ணி பிள்ளையை...

பாலேஸ்வரி: நீரும் உம்மடை அண்ணரும் இஞ்சை வர ஏறினதும் கப்பலின்ரை அடித்தட்டிலைதானே.

கிருபன்: எங்களுக்கு ஆர் சங்கிலி போட்டது? நாங்களா விரும்பி ஏறினது. அந்தச் சனம் பட்டதை எங்களோடை சேர்க்கக் கூடாது அண்ணி.

பாலேஸ்வரி: சேர்க்கேல்லை. ஒண்டுதான் கேக்கிறன்... கடலிலை போடேக்கை அவருக்கு மூச்சு இருந்ததோ?

கிருபன்: அண்ணை... அண்ணை செனகல் மறியலிலை எல்லே...

பாலேஸ்வரி: மூச்சு இருந்ததோ, தம்பி?

கிருபன்: இல்லை. காய்ச்சல்... என்ரை மடியிலைதான் அடங்கினது. எறிஞ்சு போடுவாங்கள் எண்ட பயத்திலை, விடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தனான். உங்களுக்கு... ஆர் சொன்னது?

பாலேஸ்வரி: நீர்தான். தொண்ணூற்றாறிலை, எனக்குப் பின்னாலை இஞ்சை தனிய வந்திறங்கின அண்டைக்கு, நான் ஆசையாக் காய்ச்சின மீனைத் தள்ளி வைச்சீர். எங்கடை ஊர்க் கரையிலை, கடலுக்கு ஆளைக் குடுத்த வீட்டுக்காரர்தானே மீன் தொடமாட்டினம். அண்டையிலை இருந்து மீன் பிள்ளைக்கு மட்டும்தான் காய்ச்சுறன்... மீனில்லாத என்ரை கோப்பையை நீர் ஒருநாளும் பாக்கேல்லை.