மஸ்கட்டு வரை ரெண்டு பேரு

ஓமனா: அவ்வளவு பெரிய கடல்ல... ரெண்டே ரெண்டு பேரா?

சத்தியதாஸ்: ரெண்டே பேரு. துபாயில இருந்து மஸ்கட்டு வரை. அதாக்கும் பாய்ப்படகுப் பந்தயத்துக்க சட்டம். படகு வாங்கின வெள்ளக்கார சாயிப்பும், நானும்.

ஓமனா: துடுப்பு போட்டுத் துழையவும் ஆளில்லியா?

சத்தியதாஸ்: துழைய எதுக்கு? பாய் விரிச்சா காத்து கொண்டு போவும். ஒருத்தன் ஒறங்கும்போ மற்றவன் சுக்கான் பிடிக்கணும்.

ஓமனா: நீங்க சுக்கான் பிடிக்கும்போ சாயிப்பு ஒறங்குவாரா? நல்ல தைரியம் உள்ள மனுசன்!

சத்தியதாஸ்: சிரி, சிரி... வெல கொறஞ்ச படகாக்கும், ஓமனா. சாதா உத்தியோகக்காரனும் வாங்கக்கூடியது.

ஓமனா: துபாய் கம்பெனியில அந்தப் படக அச்சில வச்சு ஃபைபர் ஒட்டினது நீங்கதானே?

சத்தியதாஸ்: நானேதான். அதனாலதான் சாயிப்பு என்ன விடமாட்டேங்கான். ஒட்டினவன் கூட ஏறினா அவனுக்கு ஒரு தைரியமாம்.

ஓமனா: நியாயம்தானே. போயிட்டு வாருங்க.

சத்தியதாஸ்: அல்ல... அலை பனை ஒயரத்துக்கு வரும்.

ஓமனா: வரட்டும்.

சத்தியதாஸ்: எனக்கு நீந்தத் தெரியாது. நம்ம நெய்யாத்துத் தண்ணியிலயே முட்டளவுக்கு மேல எறங்கினதில்ல.

ஓமனா: மெதக்குய சட்டை உண்டு எண்ணு நேத்து சொன்னீங்களே.

சத்தியதாஸ்: மரச்சீனிக் கெழங்கு நட்ட கையாக்கும் இது. அடுத்தவனுக்க பூமியில குடிகெடப்பா இருந்த பத்து சென்டுக்குப் பட்டயம் கெடச்சு, கால் ஊணி நிக்க நமக்கும் மண்ணு உண்டு. அத விட்டுட்டு தண்ணியில...

ஓமனா: ஊரில வேற ஆருக்குக் கெடைக்கும் இந்த யோகம்! நேத்தே சொன்னேனில்லியா, போயிட்டு வாருங்க எண்ணு.

சத்தியதாஸ்: எட்டி... ஒரே ஒரு தடவை வேண்டாம் எண்ணு சொல்லப்பிடாதா நீ?

ஓமனா: ...எதுக்கு?

சத்தியதாஸ்: பயமாருக்கு எண்ணு நான் எப்பிடிச் சொல்லுவேன்? ஒட்டினவனே பயந்தா, படகு சரியில்ல எண்ணு பேசுவினும். அதான், பெண்டாட்டிட்ட கேட்டுட்டு வாறேன் எண்ணு சாயிப்புட்ட சொன்னேன். நீ அழுது கூப்பாடு போடுவ எண்ணு நம்பியாக்கும் லீவில வந்தேன்.

ஓமனா: அய்யோ, கர்த்தாவே!

சத்தியதாஸ்: சிரிக்காத... நீ என்னண்ணா, கல்யாணத்துக்கு அனுப்புய மாதிரி...

ஓமனா: நீங்க ஆசைப்பட்டுக் கேக்கிறீங்க எண்ணு நெனச்சேன். முகத்தப் பாத்து எப்பிடி வேண்டாம் எண்ணு சொல்ல?

சத்தியதாஸ்: இனி என்ன செய்ய?

ஓமனா: உங்களுக்க கூட வேல செய்யிய பொன்னப்பன் அண்ணன், இன்னைக்குக் காலத்த துபாய்க்குத் திரும்பிப் போனாரில்லியா...

சத்தியதாஸ்: ஆமா. அதுக்கு?

ஓமனா: நீங்க எழும்புயதுக்கு முந்தி அவருக்க வீட்டுக்கு ஓடினேன். கையைப் பிடிச்சுச் சொல்லிவிட்டேன்... "எனக்க ஆளை நான் கடலுக்கு விடமாட்டேன், வேற ஆளு பாக்கச் சொல்லணும் சாயிப்புட்ட" எண்ணு.