துண்டுக்கடியில் ஒரு சைக்கிள்

— அதைக் கிழிக்காத கதிரு! சோப்பு மடிக்க வேற காகிதமே கிடைக்கலையா?

— என்னடா சாய்சரணு, லவ் லெட்டராட்டப் பதறறே? வெறும் கணக்குக் காயிதம்.

— தலைப்பைப் படி.

— ‘டிரையத்லான் பட்ஜெட். பிப்ரவரி தொண்ணூத்தாறு. பரம ரகசியம்.’ அட சாமி! நீஞ்சோணும், சைக்கிள் முடுக்கோணும், பொறவு ஓடோணும், அந்தக் கூத்தா! ரெண்டு வருசமா இது டிரங்குப் பொட்டிக்கு அடியிலயா கெடந்துது?

— ஆவணக் காப்பகத்துல இருந்துச்சு. மேல படி. ஹாஸ்டலைக் காலி பண்ண இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

— ‘ஒண்ணு: கியர் சைக்கிள், செகண்ட் ஹேண்ட், எழுநூறு ரூவா. ரெண்டு: ஷூ, நூத்தியிருவது. மூணு: நீச்சல் கண்ணாடி, இலவசம். உபயம்: மாமாவின் பவுண்டரி.’ உபயமாடா அது? கிரைண்டிங் புடிக்கறவிய மாட்டற கண்ணாடி! குளத்துல குதிச்சதும் கண்ணுக்கொரு டம்ளர் தண்ணி உள்ள நின்னுது.

— தீப்பொறி ஏதாவது பட்டுதா? இல்லையே. கண்ணாடி தன் கடமையைச் செஞ்சுது. குறிச்சுக்கோ.

— ‘நாலு: பனியன், திருப்பூர் ரிஜெக்ட், எட்டு ரூவா.’ ஒரு கை முட்டி வரைக்கும், இன்னொரு கை தோளோட முடிஞ்சுது.

— வெயிலுக்கு ஒண்ணு, குளுருக்கு ஒண்ணு.

— ‘அஞ்சு: ஹெல்மெட், கட்டட மேஸ்திரியிடம் ஒரு நாள் இரவல்.’ அந்த மஞ்சத் தொப்பியப் பாத்துப்போட்டு பி.டி. சாரு, தம்பி எத்தனாவது மாடி கட்டறீங்கன்னு கேட்டாருடா.

— அதுகூடப் பரவாயில்லை. நீச்சல்ல நீ பண்ணுனதுதான் சரித்திரம். கிணத்துல பழகுனவன் நீ. பத்தடி நேராப் போனே, சுவரைக் காணோம்னதும் திரும்பிட்டே. அம்பது மீட்டர் குளத்துக்கு நடுவுல வட்டம் போட்டவன் இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்.

— சிரிக்காதடா. எங்க தோட்டத்துக் கெணத்துல அப்பிடித்தான் நீஞ்சோணும். சைக்கிளு மட்டும் என்ன, அவினாசி ரோட்டுல கியரு சிக்கிப்போட்டுது. பால்காரரு ஒருத்தரு ரெண்டு பக்கமும் கேனைக் கட்டீட்டு என்னயத் தாண்டிப் போறாரு. போறவரு சும்மாவும் போகல. ‘ஏனுங்க தம்பி, சித்தே தள்ளி உடட்டுங்ளா’ன்னு கேக்கறாரு.

— நல்ல மனுசன்.

— பதினோரு பேருல பதினொண்ணாவதா வந்து சேந்தேன். பந்தலையே பிரிச்சுப்போட்டாங்க. பி.டி. சாரு ஊட்டுக்குப் போயிட்டாரு. நீ மட்டும் அந்த வெயில்ல குளுக்கோஸ் டம்ளரை வெச்சுட்டு நின்னுட்டு இருந்தே.

— டம்ளர் மெஸ்ஸோடது. திருப்பிக் குடுக்கணும்ல?

— அந்த இனிப்பு இன்னமும் நாக்குலயே நிக்குதுடா சாயி.

— அதுல ஈ விழுந்திருந்துச்சு. சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.

— தூ! சேரி, எந்திரி. ஜபருல்லா கீழ நிக்கறான். அடுத்த போட்டிக்குப் பேரு குடுத்திருக்கறான். சைக்கிளை எழுநூறுக்குப் பேசி முடிச்சுட்டேன்.

— எழுநூறா? வேண்டாம். குடுக்காத.

— ஏண்டா? வாங்குன வெலைக்கே விக்கறதுதான் மரியாதை. அன்னைக்கு ஆளுக்கு முந்நூத்தம்பது போட்டோம், இன்னைக்கு ஆளுக்கு முந்நூத்தம்பது. நாளைக்கு நா ஓசூரு வேலைக்குப் போறேன், ரூம்புக்கு அட்வான்ஸ் கட்டோணும். உனக்கும் செலவு இருக்குதல்லோ? பொள்ளாச்சி அம்மணிக்குப் பூ வாங்கோணும்.

— அம்மணியை இதுல இழுக்காத.

— மாசாமாசம் மொத வியாழக்கெழமை லேபைக் கட்டடிச்சுட்டுப் பொள்ளாச்சி பஸ்ஸு ஏறறே. அட்டெண்டன்ஸ் கொறைஞ்சு அபராதமுங் கட்டுனே. ரெண்டு வருசமாச்சு, பேரைக்கூட எனக்குச் சொல்ல மாட்டீங்கறே.

— பேரு பெருசு. விடு. ஜபருல்லாகிட்ட இன்னும் கொஞ்சம் மேல கேளு.

— துரு புடிச்ச வண்டிக்கு மேல வேறயா? வாங்கறப்பவே துருதான். நீதான போய் வாங்குனே?

— போக வெச்சதே நீ. வியாழக்கெழமை சந்தைக்குச் சேந்து போலாம்னே.

— நா என்னடா பண்றது? அன்னைக்குப் பாத்துத் தோட்டத்துல ஆனை பூந்து தென்னம்புள்ளையெல்லாம் சாச்சுப்போட்டுது.

— அதனால, மாட்டைக் காலண்டர்ல மட்டும் பாத்த நான், பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குத் தனியாப் போனேன். தரகர் ரங்கராஜு. வால்பாறை எஸ்டேட்ல யாரோ ஒரு மேனேஜர் கறவை மாட்டோட சேத்து அவர்கிட்ட வித்த சைக்கிள். ‘பல்லைப் பாத்துக்குங்க தம்பி’ன்னாரு. செயின் சக்கரத்துல ஒரு பல்லு விடாம எண்ணுனேன்.

— பொறவு துண்டு போட்டாரா?

— போட்டாரு. ரெண்டு பேரு கையையும் துண்டால மூடியாச்சு. மாட்டு வியாபாரம் மாதிரியே. வெளிய வானிலை பேசறாரு, உள்ள விரலைப் புடிச்சு விலை சொல்றாரு.

— மொத நாளே நாந்தான சொல்லிக் குடுத்தேன்? புடிக்கற வெரலை எண்ணிக்கோ, சம்மதம்னா கையை அமுத்துன்னு.

— அது மட்டுந்தான் சொல்லிக் குடுத்தே. குறிச்சுக்கோ.

— ஏண்டா, எத்தனை வெரல் புடிச்சாரு? ஏழுதான?

— சரி விடு. எழுநூறுக்கே குடுத்துடு.

— இப்பத்தான் வேண்டாங்கறே, இப்பவே குடுங்கறே. மொகத்தை எங்கயோ திருப்பறே. இந்தா என்ற துண்டு. கையைக் குடு. வாயில ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். அவரு புடிச்சாப்பலயே புடி.

— வேண்டாம் கதிரு.

— புடிடா! …ரெண்டு. ரெண்டே ரெண்டு வெரலு! அப்ப இருநூறுதானா? எங்கிட்டயே ஐநூறு அடிச்சுட்டியாடா, சாயி? நீயா?

— நானும் இருநூறுன்னுதான் நெனைச்சேன். ஐநூறு மிச்சம், உனக்கு நல்ல ஷூவா வாங்கிடலாம்னு, அவர் யோசனையை மாத்தறதுக்குள்ள அவசரமா அமுத்துனேன். துண்டை எடுத்தாரு. ‘ரெண்டாயிரத்தை எடுங்க தம்பி’ன்னாரு.

— சாமி! வெரலு நூறா ஆயிரமான்னு மொதல்லயே கேட்டுக்கோணுமேடா!

— அதைத்தான் நீ சொல்லிக் குடுக்கலை.

— முடியாதுன்னு வந்திருக்க வேண்டீதுதான?

— அமுத்துன கையை வாபஸ் வாங்கற பழக்கம் அந்தச் சந்தையில இல்லையாம். சுத்தி நாப்பது ஆளு, முப்பது மாடு. அத்தனையும் என்னையே பாக்குது. இருந்த எழுநூறைக் குடுத்தேன். இங்க வந்து பாத்தா, நீ அந்தத் துரு புடிச்ச வண்டியைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறே. எழுநூறுன்னே சொல்லிட்டேன்.

— அப்ப மிச்சம் ஆயிரத்து முந்நூறு?

— மாசம் அம்பது, சந்தைக்கே போய்த் தரகர் கையில. இருபத்தாறு தவணை. போன வாரந்தான் முடிஞ்சுது.

— மாசாமாசம்… மொத வியாழக்கெழமை… டேய். அப்ப அந்தப் பொள்ளாச்சி அம்மணி?

— அம்மணிக்குப் பெரிய மீசைடா, கதிரு.