வேலமரத் திருப்பத்தில் ஏறுகிறவள்

மஃரிப் பாங்கு முடிந்து, வானத்தில் கடைசிச் சிவப்பு வடிந்துகொண்டிருக்கும் நேரம். தார்ச்சாலையை விட்டு இறங்கி, கருங்கல் மேட்டுக்கும் வறண்ட காட்டாற்றுக்கும் நடுவே போகிற மண்பாதை. அதில் ஒரே ஒரு பிக்கப் வண்டி. ஓட்டுகிறவர் முத்லக். பின்னால் தண்ணீர்ப் பீப்பாயும் ஓர் ஆட்டுத்தோலும். வேறு யாரும் இல்லை.

பட்டுப்போன வேலமரத்தை ஒட்டிப் பாதை திரும்பும். அங்கே வந்ததும் அவர் வேகத்தைக் குறைப்பார். அப்புறம்... தலைக்கு மேலே, தகரக் கூரையில்...

டொக். டொக்.

இரண்டே தட்டு. ஏறிவிட்டேன், போகலாம் என்று அர்த்தம்.

ஹமூத், முதலில் நெருப்பில் விறகைப் போடு, பிறகு சிரி. முத்லக் யாரோ எவரோ இல்லை. நம் நவ்வாஃபின் சித்தப்பா. நவ்வாஃபுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இந்நேரம் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். நான் சொல்லப்போவதில் பாதி அவன் சொன்னது. மீதி நானே பார்த்தது.

நீங்கள் இந்தக் காவல் வேலைக்கு வந்தபோது இங்கே ஓநாய் இருந்தது. இப்போதும் கேட்கிறது பாருங்கள்... மேட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் வந்தபோது ஒன்றுகூட இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் கடைசி ஓநாயைச் சுட்டவரே முத்லக்தான். ஆட்டைக் கடித்தது, சுட்டார். யாராக இருந்தாலும் சுட்டிருப்பார்கள். வழக்கப்படி காலைக் கட்டி, பாதையோரத்து வேலமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவர் கைக்கு துஆ செய்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

தொங்கவிடும் முன் அதன் கோரைப்பல் ஒன்றைப் பிடுங்கி மனைவி வத்ஹாவிடம் கொடுத்தார். அவள் அதை நீல நூலில் கட்டி, ஊக்கில் கோத்து, தொட்டிலில் கிடந்த மகளின் சட்டையில் குத்திவிட்டாள். எதற்கு என்று கேட்கிற ஆள் இங்கே யாரும் இல்லை. ஓநாயின் கண்ணில் பட்ட ஜின்னால் மறைய முடியாது. ஓநாய் அதைப் பிடித்துத் தின்றுவிடும். அதனால் ஓநாய்ப் பல் இருக்கிற இடத்தை ஜின் எட்டிக்கூடப் பார்க்காது.

"திங்கிறப்ப உப்பு போட்டுக்குமா, போடாமயா?" என்று கேட்கிறான் ஹமூத்.

"உன்னத் திங்கிறப்ப கேட்டுச் சொல்றேன்டா. இப்பக் காப்பிய ஊத்து."

அந்த மகள் பெயர் முஸ்னா. ஒரே பிள்ளை. வண்டியில் முன்னால் உட்காரச் சொன்னால் கேட்க மாட்டாள். பின்னால் ஏறி, கூரையை இரண்டு தட்டு தட்டுவாள். அப்போதுதான் வாப்பா வண்டியை எடுக்க வேண்டும். அவள் உத்தரவு அப்படி. ஏழு வயதில் ஒரு நாள், தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடிக் காட்டாற்றில் இறங்கினாள். இங்கே ஒரு துளி மழை இல்லை. மேலே மலையில் எங்கோ பெய்திருந்தது... தண்ணீர் வந்த சத்தம் பெரிய லாரி வருகிற மாதிரி இருந்ததாம்.

வேலமரத்து வேரில்தான் கிடைத்தாள். கடைசியாகக் குளிப்பாட்டும்போது வத்ஹா பார்த்தாள். சட்டையில் எப்போதும் போல அந்த ஊக்கு இருந்தது. பல் இல்லை, நூலும் இல்லை. அந்த வெறும் ஊக்கை எடுத்துத் தன் முக்காட்டில் குத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அதை அவள் கழற்றவே இல்லை.

ஒரு குளிர்காலம் போனது. அதற்குப் பிறகுதான் அந்தத் தட்டு கேட்க ஆரம்பித்தது.

முதல் தடவை முத்லக்கின் மூக்கில் வெள்ளத்துச் சேற்றின் வாடை... நனைந்த கம்பளியின் வாடை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். மெல்ல ஓட்டினார், குழந்தையை வைத்து ஓட்டுகிற மாதிரி. வீட்டு வாசலில் நிறுத்தியதும் பின்னால் யாரோ குதிக்கிற சத்தம்... தொப். பிறகு ஒன்றும் இல்லை. ஆட்டுத்தோலில் மட்டும் ஒரு குழந்தை உட்கார்கிற அளவுக்கு ஈரம்.

வத்ஹா வெளியே வந்தாள். அவர் சொல்லும் முன்பே அவள் உள்ளங்கையை அந்த ஈரத்தின்மேல் வைத்தாள். வைத்தபடி வெகுநேரம் நின்றாள்.

அதற்குப் பிறகு தினமும் இதே கதை. சாயங்காலம் ஆனால் வத்ஹா தலை வாரிக்கொள்வாள். வாசலில் ஒரு கிண்ணம் ஆட்டுப்பால் வைப்பாள். காலையில் பால் ஆடை படிந்து அப்படியே இருக்கும், அதை நாய்க்கு ஊற்றுவாள். பகல் முழுக்கப் பேச்சில்லை, சாப்பாடில்லை. அந்த ஒரு நேரத்துக்காக மட்டும் இருந்தாள். ஒட்டகப் பாகன் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு என்ன நோய் என்று கேட்டானாம்.

அவள் அண்ணன் தஹாம் ஓதத் தெரிந்தவர். ஒரு நாள் அவரும் வண்டியில் கூட வந்தார். தட்டு கேட்டது. வீடு வரைக்கும் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தவர், இறங்கியதும் சொன்னார்: "மாப்ள, இது உங்க புள்ள இல்ல. ஜின்னு. ஓநாய் இல்லாத ஊருன்னு தெரிஞ்சு குடியேறியிருக்கு. புள்ள மாதிரி வந்து என் தங்கச்சிய உறிஞ்சுது. பாருங்க அவள, எலும்பும் தோலுமா..."

அந்த வருடம்தான் அரசாங்கம் ஓநாய்களைத் திருப்பிக் கொண்டுவருவது என்று முடிவு செய்தது. ஆடு வளர்க்கிறவர்கள் கத்திய கத்தல் இருக்கிறதே! "நாங்க வளர்க்கிற ஆடு, நீங்க வளர்க்கிற ஓநாய்க்கா?" என்று அதிகாரியின் காரை மறித்தார்கள். கடைசியில் நஷ்ட ஈடு என்றார்கள், உள்ளூர் ஆட்களுக்கே காவல் வேலை என்றார்கள், சத்தம் அடங்கியது. பழைய ஓநாய்க் குகைகள் எல்லாம் முத்லக்குக்கு அத்துப்படி. அவரை முதல் ஆளாக எடுத்தார்கள். ஓநாய்களைக் கொஞ்ச நாள் பழக்கி வைக்க ஒரு கம்பிவேலித் தடுப்பும் கட்டினார்கள். வேலமரத்தைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில்.

வத்ஹா அன்று இரவு சொன்னாள்: "முஸ்னா வாப்பா, அந்த வேல வேணாம். அது வந்தா புள்ள வராது."

அவர் அதுவரை கேட்காததைக் கேட்டுவிட்டார். "அது புள்ளதானா?"

"யாரா இருந்தா என்ன? பொழுது சாஞ்சா வீட்டுக்கு வருதுல்ல?"

இருந்தாலும் அவர் வேலையை விடவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே சாகவிட அவரால் முடியவில்லை. ஒரு வாக்கு மட்டும் கொடுத்தார். ஓநாய் லாரியில் பட்டப்பகலில் வரும், நேராகத் தடுப்புக்குள் போகும், என் வண்டியில் அதன் ஒரு முடிகூட ஏறாது என்று.

லாரி தார்ச்சாலையை விட்டு இறங்கியதுமே மணலில் புதைந்தது. தோண்டத் தோண்ட இன்னும் இறங்கியது. ஆண் ஓநாய்க்கு மயக்கம் தெளியவில்லை, கூட வந்த கால்நடை டாக்டர் அதைவிட்டு நகர முடியாது. பெண் ஓநாய் விழித்துக்கொண்டு கூண்டுக்குள் சுற்றிச்சுற்றி வந்தது.

"முத்லக் அண்ணே, இன்னும் இந்தச் சூட்டுல கெடந்தா இது செத்துரும். உங்க வண்டி ஒண்ணுதான் இருக்கு," என்றார் டாக்டர்.

ஒரு ஓநாயைக் கொன்ற கை. இன்னொன்றையும் சாகவிட அந்தக் கைக்கு மனம் வரவில்லை. ஏற்றினார்கள். வெயில் இருக்கும்போதே திருப்பத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தார். பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்றி முடித்து நிமிர்ந்தால்... தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள்.

வேலமரம் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தார். கண்ணாடியை இறக்கி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"இன்னிக்கு ஏறாதடி! கண்ணு... இன்னிக்கு மட்டும் ஏறாத! வாப்பா நாளைக்கு வர்றேன்!"

திருப்பத்தைத் தாண்டினார். ஒரு சத்தமும் இல்லை. மூச்சை விட்டார். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தார்...

டொக். டொக்.

பின்னால் கூண்டுக்குள் பிராண்டிக்கொண்டிருந்த நகங்கள் நின்றன. ஒரு முனகல் கேட்டது, குட்டி முனகுகிற மாதிரி. பிறகு... இத்தனை நாளில் கேட்காத ஒன்று. "ஹூர்... ஹூர்... ஹூர்..." முஸ்னா ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற சத்தம். அதுவும் தேய்ந்து போனது. முத்லக் வண்டியை நிறுத்தவில்லை.

தடுப்பில் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். வண்டிக் கதவை நாங்கள்தான் திறந்தோம். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை விட்டு விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. கூண்டின் தாழ் போட்டபடி இருந்தது, பூட்டும் அப்படியே. ஆட்டுத்தோல் காய்ந்து கிடந்தது. கூண்டைத் திறந்ததும் பெண் ஓநாய் வெளியே வந்தது. ஓடவில்லை. உட்கார்ந்து அவரையே பார்த்தது.

அன்று வீட்டில் வத்ஹா காய்ந்த தோலைத் தொட்டுப் பார்த்தாள். பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு தட்டு நின்றது. "பாத்தீங்களா மாப்ள? ஜின்னேதான்," என்றார் தஹாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு எழுந்து நின்றது. ஒவ்வொரு இரவும் விளக்கை அணைக்கும் முன் வத்ஹா கேட்பாளாம்: "ஜின்னுதானே, முஸ்னா வாப்பா?" "ஜின்னுதான், முஸ்னா உம்மா." கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அடுத்த வசந்தத்தில் பழைய குகையில் ஓநாய்க் குட்டிகள் பிறந்தன. அதைச் சொன்னபோது சிரிக்கக்கூடச் செய்தாளாம்.

மறு வருடம், இரண்டாவது ஜோடி வருகிறது, கூண்டைக் கழுவி வையுங்கள் என்றார்கள். அந்தக் கூண்டு அன்றிலிருந்து கிடங்கில் பூட்டிக் கிடந்தது. நானும் முத்லக்கும் இழுத்து வெளியே போட்டோம். கதவைத் திறந்ததும்... சேற்று வாடை. வைக்கோல் தொட்டால் பொடியாகிற அளவுக்குக் காய்ந்திருந்தது. வாடை மட்டும் ஈரமாக வந்தது.

உள்ளே தலையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்பக்கத்துக் கம்பியில் நீல நூல். நூலில் ஒரு பல். வண்டியில் எங்காவது கிடந்தது உள்ளே விழுந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அவரிடம் அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அது கட்டியிருந்தது. கூண்டு நாலு பக்கமும் அடைத்த பெட்டி, அதன் காற்றுத்துளையில் என் சுண்டுவிரல்கூடப் போகாது. ஷூ கயிறு மாதிரி இரண்டு காது வைத்த முடிச்சு, ஒரு காது பெரிது, ஒரு காது சின்னது. அவர்தான் மகளுக்கு அதைக் கட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். கடைசி வரை அவளுக்கு அது சரியாக வரவில்லை.

"ஜின்னு ஓநாய்ப் பல்லத் தொடுமா?" என்று கேட்டார்.

நான் கூண்டைக் கழுவக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"சொல்லுடா. தொடுமா?"

"தொடாதுண்ணே."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தரையில் உட்கார்ந்து அழுதார். பிள்ளையை ஓநாயோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டேனே என்று அழுதார். நான் அழவிட்டேன். வேறென்ன செய்ய?

நான்தான் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பல் அவர் பையில். வழியெல்லாம் ஒரே பேச்சு: "வத்ஹாவுக்குத் தெரிய வேணாம். இப்பத்தான் ரெண்டு வாய் சாப்பிடுறா. ஜின்னுன்னே இருக்கட்டும்." சத்தியம் வாங்கிக்கொண்டார். கிடங்கில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இருக்கவில்லை.

வீட்டு முன் வண்டி நின்றது. வத்ஹா வாசலில் நின்றிருந்தாள். அவர் இறங்கி வாயைத் திறப்பதற்குள், முக்காட்டிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். திறந்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"பல்லக் குடுங்க. கூண்டுல கட்டிவச்சேன்னு புள்ள அன்னிக்கு ராத்திரியே வந்து சொன்னா. உங்களுக்குத் தாங்காதுன்னுதான் இத்தன நாளும் ஜின்னுன்னேன்."