ஒன்பதாவது கேள்விக்கு ஊர் சொன்ன பதில்

காத்திருக்கும் நோயாளிகளை விட்டுவிட்டு நமக்காக வந்து, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் சபீனா அவர்களே. ஏரியின் மறுகரையில் பதினான்கு மாடி உயரத்தில் வாழ்ந்தாலும் எங்களோடு பேசும்போது தரையிலே நின்று பேசுகிற அடுக்ககச் சங்கச் செயலாளர் தம்பி ரோஹித் அவர்களே. காலையில் கழனி, பகலில் தொழிற்சாலை, மாலையில் கழனி என்று ஒரே உடம்பை இரண்டு உடம்பாக உழைத்துக் கொடுத்த என் ஊர்ப் பெரியோர்களே. பெற்றதும் நீங்கள், பேணியதும் நீங்கள், பேச வேண்டியதை நாங்கள் பேசாதபோது பெருமூச்சு விட்டவர்களும் நீங்கள் என்று சொல்லத்தக்க தாய்மார்களே. பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு, இந்த ஆள் எப்போது முடிப்பான் என்று கைப்பேசியில் மணி பார்க்கும் இளைஞர்களே. உங்கள் எல்லோரையும் பருத்திப்பட்டு ஊர் நலச் சங்கத் தலைவன் வீரராகவன் கைகூப்பி வணங்குகிறேன்.

இளைஞர்களைப் போல நானும் மணி பார்த்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். இப்போது ஆறு பத்து. மேடைக்கு வலப்பக்கம் பாருங்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ரத்தம் எடுக்க வந்திருக்கும் செவிலியர் வனஜா அம்மா. ஏழு மணிக்கு அவர் பெட்டியை மூடிவிடுவார். வரிசையில் பதினொரு பேர் நிற்கிறார்கள். பதினொரு பேரும் அடுக்ககத்து ஆண்கள். நம் ஊர் ஆண்கள் எங்கே? பின்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, யாருக்கோ வந்த நோயைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களை அந்த நாற்காலி வரை நடக்க வைக்க எனக்கு இருப்பது ஐம்பது நிமிடம்.

எதைப் பற்றிய பேச்சு? புராஸ்டேட். ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. அதில் வருகிற புற்றுநோயைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மேடை ஏறும்போது துலுக்கானம் அண்ணன் என் தோளைப் பிடித்து, "பொம்பளைங்க குந்திக்கினு இருக்காங்கப்பா, இத்தப் போயி மைக்குல பேசுவியா?" என்று கேட்டார். அண்ணே, பேசுவேன். பேசாமல் இருந்ததால் என்ன ஆனது என்பதற்குச் சாட்சி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. என் உடன்பிறந்த தங்கை கமலம். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன்.

போன ஆடியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மருத்துவர் சபீனா ஏரியின் இரண்டு கரையிலும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் அத்தனை பேரிடமும் ஒரே தாள், ஒரே கேள்விகள். பதிலைப் பார்த்துத் தேவைப்பட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, அதற்கு மேல் தேவைப்பட்டவர்களுக்கு மேல் பரிசோதனை. முடிவு வந்தது. அடுக்ககத்தில் ஆறு பேருக்கு இந்த நோய். நம் ஊரில்? பூஜ்ஜியம். பழைய தெருக்கள் நான்கிலும் சேர்த்து ஒருவருக்கும் இல்லை.

அடடா, அன்று நமக்கு வந்த பெருமை என்ன, பூரிப்பு என்ன, பீற்றல் என்ன. டீக்கடையில் ஆளாளுக்கு ஆராய்ச்சி. "கேவுரு கூழு குட்ச்ச உடம்பு மாமே, அதாண்ட எது வரும்?" என்றான் ஒருவன். "அவங்கோ லிஃப்ட்ல போறாங்கோ, நாம நடக்குறோம்" என்றான் இன்னொருவன். நான் அவர்களையும் மிஞ்சினேன். செய்தித்தாள் படிக்கிறவன் அல்லவா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய் அதிகம் பதிவாகிறது, ஆசியாவில் குறைவு, நம் நாட்டிலேயே பெருநகரங்களில் கூடுதல், கிராமங்களில் குறைவு என்று எப்போதோ படித்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் எண்ணிக்கையைப் படித்த நான் காரணத்தைப் படிக்கவில்லை. உலகமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நல்ல பாதியில் நம் ஊர் நிற்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

முடிவு கட்டியதோடு நின்றேனா? பூந்தமல்லி சாலையில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, பதினைந்தடி ஃபிளெக்ஸ் கட்டினேன். "புற்றே அண்டாத பழைய பருத்திப்பட்டு." கீழே என் படம், கும்பிட்ட கையோடு. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என் மச்சான், கமலத்தின் கணவன் எத்திராஜும் அதன் கீழே நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டான். அப்போதே அவனுக்கு இடுப்பில் வலி இருந்தது.

இடுப்பு வலிக்கு அவன் என்ன செய்தான்? தைலம் தடவினான். ஆவடி மார்க்கெட் பக்கத்தில் பெல்ட் வாங்கிக் கட்டினான். கமலம் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, அவன் சொன்ன பதிலை அவளே என்னிடம் சொன்னாள். "உங்கண்ணன் போர்டே மாட்டிக்கீறாரு, நம்ம ஊருக்கு ஒண்ணும் வராதுன்னு. நீ இன்னாத்துக்கு பயந்துகினு கீற?" என்று கேட்டிருக்கிறான். என் ஃபிளெக்ஸைக் காட்டி என் தங்கையின் வாயை அடைத்திருக்கிறான். தை மாதம் அவனால் படி ஏற முடியவில்லை. பரிசோதித்தால் நோய் எலும்பு வரை போயிருந்தது. பங்குனியில் அவனைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பாடையில் ஒரு முனை என் தோளில் இருந்தது. அன்று சுமந்த கனம் இன்றும் இறங்கவில்லை, ஐயா.

யாரது அங்கே? "விதி அண்ணாத்தே" என்கிறாயா? விதி என்று நானும் அழுதுகொண்டிருந்தேன், டாக்டர் என் வீட்டுக்கு வரும் வரைக்கும்.

காரியம் முடிந்த மறுவாரம் வந்தார். கையில் நம் ஊர்த் தாள்கள், நூற்று முப்பத்தெட்டு. என் முன்னால் வைத்து, "ஒன்பதாவது கேள்வியை மட்டும் பாருங்க சார்" என்றார். சிறுநீர் போவதில் தடை, வலி, ரத்தம், இரவில் பலமுறை எழுவது, இவற்றில் ஏதாவது உண்டா? அதுதான் ஒன்பதாவது கேள்வி. புரட்டினேன். இல்லை. இல்லை. இல்லை. நூற்று முப்பத்தெட்டுத் தாளிலும் இல்லை. டாக்டர் கேட்டார்: "ஐம்பதுலேர்ந்து எண்பது வயசு வரைக்கும் நூத்துச் சொச்சம் ஆம்பளைங்க. ஒருத்தர்கூட ராத்திரியில எழுந்திருக்கறதில்லையா? இந்த ஊர்ல எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பசங்களா சார்?"

அந்தத் தாள்களில் ஒன்று என்னுடையது.

ஏன் சொன்னோம் "இல்லை" என்று? அடுக்ககத்தில் கேட்டவர்கள் வெளியூரிலிருந்து வந்த மாணவர்கள். மதுரைக்காரர், கோவைக்காரர், திருநெல்வேலிக்காரர் என்று யார் யாரோ வாழ்கிற இடம். கேட்டவனும் அந்நியன், சொன்னவனும் அந்நியன். கதவைத் திறந்தார்கள், உள்ளதைச் சொன்னார்கள், கதவைச் சாத்தினார்கள். நம் ஊரில் கேட்டது யார்? கன்னியம்மாளின் மகள் திவ்யா. நர்சிங் படித்த பெண், நம் தெருவிலே வளர்ந்த பெண், நம் மடியிலே விளையாடிய பெண். நம் பிள்ளையே கேட்கட்டும், நமக்குக் கூச்சம் இருக்காது என்று அவளை அனுப்பச் சொன்னது யார்? நான்தான். வீட்டுக்கு வீடு மாமா என்றும் பெரியப்பா என்றும் சித்தப்பா என்றும் கூப்பிட்டுக்கொண்டு வந்தவளிடம் எந்த மாமன் வாய் திறப்பான்? எந்தப் பெரியப்பன் ரத்தம் என்று சொல்வான்? எத்திராஜும் அப்படித்தான் இல்லை என்றான். "மாமான்னு கூப்புட்ற பொண்ணாண்ட இத்தப் போயி எப்டி சொல்றது?" என்று படுக்கையில் கிடந்தபோது என்னிடம் கேட்டான்.

உறவு நம்மைக் காக்கும் என்றிருந்தோம். அந்த உறவின் முன்னால் கூச்சப்பட்டு நோயைக் காத்தோம். அடுக்ககத்தின் ஆறு என்பது ஆறு பேருடைய நோய் மட்டுமில்லை, ஆறு பேருடைய உண்மை. அந்த ஆறு பேரும் இன்று மருத்துவம் பார்த்துக்கொண்டு உயிரோடு நடக்கிறார்கள். ஒருவர் இதோ, வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நம் பூஜ்ஜியம் என்ன செய்தது? பொய் சொன்னது. ஓர் ஆளைக் கொன்றது.

டாக்டர் என்னைத் திருத்தச் சொன்னார், திருத்திச் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசம் எல்லாமே பரிசோதனையால் வந்தது அல்ல. வயது இருக்கிறது, பரம்பரை இருக்கிறது, உணவையும் ஆராய்கிறார்கள். ஆனால் தேடுகிற ஊரில் கணக்கு கூடும், தேடாத ஊரில் கணக்கு குறையும். கணக்கு குறைந்ததால் நோய் குறைந்துவிடாது. இரவில் எழுந்தாலே புற்றுநோய் என்றும் பயப்பட வேண்டாம். பலருக்கு அது வயதால் வருகிற வீக்கம்தான். ரத்தத்தில் அளவு கூடியிருந்தாலும் அதுவே நோய் என்று ஆகிவிடாது. எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். டீக்கடை இல்லை, ஃபிளெக்ஸ் இல்லை, வீரராகவன் இல்லை.

மணி ஆறு நாற்பது. வரிசையில் இப்போது நான்கு பேர். நான்கும் அக்கரை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து கமலத்துக்குத் தூக்கமில்லை. ஒருவனுடைய அப்பனுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் மற்றவர்களைவிட அவனுக்கு வரும் வாய்ப்பு அதிகம். எத்திராஜுக்கு ஒரு தம்பி இருக்கிறான். வயது ஐம்பத்து நான்கு. அவன் பெயரை இந்த மேடையில் சொல்ல மாட்டேன் என்று கமலத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கமலம் எத்தனை முறை கெஞ்சினாள்? அண்ணனுக்கு வந்தது எனக்கு ஏன் வரணும் என்று வீம்பு பேசுகிறான். ஆனால் பங்குனியிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அது வீம்பு இல்லை, பயம். தம்பி, நீ பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. பயந்துகொண்டே வா. நடுங்குகிற கையிலும் ரத்தம் எடுப்பார்கள்.

யார் சொன்னால் அவன் கேட்பான்? நான் சொன்னால் கேட்பானா? சொல்ல எனக்கு என்ன தகுதி? நூற்று முப்பத்தெட்டில் ஒரு பொய் என்னுடையதாக இருக்கும்போது, மற்ற பொய்களைத் திருத்த நான் யார்?

திவ்யா, எங்கம்மா இருக்கிறாய்? மேலே வா. ரோஹித் தம்பி, அந்த இன்னொரு மைக்கை அவளிடம் கொடு. அந்தத் தாளை எடும்மா. ஒன்பதாவது கேள்வியைக் கேள். நம் வீட்டு வாசலில் கேட்டாயே, அதே மாதிரி பெரியப்பா என்று கூப்பிட்டுக் கேள். தயங்காதே. கேள்.

எல்லோருக்கும் கேட்டதா? பெரியப்பா, சிறுநீர் போவதில் ஏதாவது கஷ்டம் இருக்கா என்று கேட்கிறாள்.

கீதும்மா. ஒரு வருசத்துக்கு மேலயே கீது. ராத்திரிக்கு நாலு தபா எழுந்துக்கிறேன். ரெண்டு தபா ரத்தம் பார்த்தேன். உன்னாண்ட அன்னிக்கிப் பொய் சொன்னேன். பெரியம்மாவாண்டகூட சொல்லல.

அங்கம்மா, அழாதே. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் மைக்கில் சொல்கிறானே என்று கோபம் இருக்கும். ஊட்டுக்கு வந்து திட்டு, வாங்கிக்கிறேன். உன்னிடம் தனியாகச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. இவ்வளவு பேர் இருந்ததால்தான் வந்தது.

என்ன ஆனது இப்போது? மானம் போய்விட்டதா? பந்தல் சரிந்து விழுந்ததா? திவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான் ஆனது. இந்த ஒரு பிடிக்குப் பயந்தா என் மச்சான் போய்ச் சேர்ந்தான்?

என் ஊரின் ஆண்மக்களே, அந்த ஃபிளெக்ஸை நேற்று நானே ஏணி போட்டு இறக்கிவிட்டேன். நம் பூஜ்ஜியம் இன்றோடு போகட்டும். எண்ணிக்கை ஏறட்டும். ஒன்றாகட்டும், மூன்றாகட்டும், பத்தாகட்டும். ஏறுகிற ஒவ்வொரு எண்ணும், பிழைக்க வழி தேடக் கிளம்பிய ஓர் ஆள். எங்கள் ஊரில் இத்தனை பேர் என்று வெட்கமில்லாமல் சொல்லுவோம். அத்தனை பேரும் எங்களோடு இருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொல்லுவோம்.

மணி ஆறு ஐம்பது. வரிசை காலியாகிவிட்டது. வனஜா அம்மா, பெட்டியை மூடாதீர்கள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கிறேன், இதோ இறங்கி வருகிறேன்.

தலைமை தாங்கிய டாக்டருக்கும், தண்ணீர் கொடுத்த அக்கரைச் சகோதரருக்கும், என்னைக் கேள்வி கேட்ட என் மகள் திவ்யாவுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த தாய்மார்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

கொஞ்சம் இருங்கள். பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. யாரோ ஒருவன் எழுந்து வருகிறான். நடையைப் பார்த்தால் எத்திராஜ் நடை மாதிரியே இருக்கிறது.

கமலம், திரும்பிப் பார்க்காதே. நீ பார்த்தால் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிடுவான். அவன் வனஜா அம்மாவின் மேசை வரை போகட்டும்.